எனக்குச் செய்தது

ஜூன் 3, திங்கள்

இந்த நோட்டு ரோஸ்லின் சிஸ்டர் கொடுத்தது. எங்கள் கோவில்பட்டியில் ‘துணைக்கை’ என்று ஒரு அமைப்பு நடக்கிறது. படுத்தவர்களைப் பார்ப்பதற்கு அல்லவாம், படுத்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்களைப் பார்ப்பதற்காம். ஊரில் வேலையில்லாமல் இப்படியும் ஆரம்பிக்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். சொல்லவில்லை. காப்பி கொடுத்தேன்.

பொங்கல் கழிந்த மூன்றாம் நாள் என் வீட்டுக்காரருக்கு வலது கையும் வலது காலும் விழுந்துவிட்டன. பேச்சும் போனது. இப்போது கட்டிலிலிருந்து நாற்காலி, நாற்காலியிலிருந்து கட்டில். வாயில் வருவது ஒரே வார்த்தை: “சரி.” ஐம்பத்திரண்டு வருஷக் கல்யாண வாழ்க்கையில் அவரிடம் நான் கேட்டிராத வார்த்தை அது.

நோட்டில் இடது பக்கம் ‘அவருக்குச் செய்தது’ என்றும் வலது பக்கம் ‘எனக்குச் செய்தது’ என்றும் சிஸ்டர் தலைப்புப் போட்டிருக்கிறாள். தினமும் எழுத வேண்டுமாம்.

“எழுதத் தெரியுமா ஆச்சி?” என்று கேட்டாள்.

நான் படித்தது ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்புக்குப் போக வேண்டிய அன்று தீப்பெட்டி ஆபீசுக்குக் குச்சி அடுக்கப் போய்விட்டேன். ஆனால் அந்த ஐந்தையும் முதல் ரேங்கில் படித்தேன். என் பேத்தி இன்ஜினியரிங் படிக்கிறாள். அவள் கையெழுத்தும் என் கையெழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் யார் இன்ஜினியர் என்று கேட்பார்கள்.

நோட்டு மட்டமான நோட்டு. ஒரு வரியில் கோடு இருக்கிறது, அடுத்த வரியில் இல்லை. கம்பெனிக்காரன் மையை மிச்சம் பிடிக்கிறான்.

ஜூன் 4, செவ்வாய்

அவருக்குச் செய்தது: பல் விளக்கிவிட்டேன். உடம்பு துடைத்தேன். சட்டை மாற்றினேன். இட்லி ஊட்டினேன். கால் மடக்கி நீட்டினேன், இருபது தடவை. நாற்காலியில் ஏற்றினேன். இறக்கினேன். துணி அலசினேன். ரசம் சோறு. மறுபடி ஏற்றினேன். இறக்கினேன்.

எனக்குச் செய்தது: குளித்தேன்.

ஜூன் 5, புதன்

சிஸ்டர் வந்து நோட்டை வாங்கிப் பார்த்தாள்.

“இதென்ன ஆச்சி, ‘குளித்தேன்’னு எழுதியிருக்கு?”

“குளிச்சேன், எழுதினேன். பொய் எழுதச் சொல்றியா தாயி?”

“எழுத்தெல்லாம் ஏன் மலையேறுது?”

“கோடு இல்லாத நோட்டுல எழுத்து எங்க நிக்கும்?”

அவள் என்னை வாசல்படியில் நிறுத்தி, எதிர்ச்சுவர்க் காலண்டரில் என்ன படம் என்று கேட்டாள். என்ன கேள்வி. முருகன் என்றேன். அது எண்ணெய்க் கடைக் காலண்டராம், படத்தில் இருப்பது எண்ணெய் டின்னாம். எண்ணெய்க் கடைக்காரன் முருகன் படம் போடக்கூடாது என்று சட்டமா?

டார்ச் அடித்துப் பார்த்தாள்.

“ரெண்டு கண்ணுலயும் புரை முத்தியிருக்கு ஆச்சி. வலது கண்ணு ரொம்ப மோசம். ஜூலை ஆறாந்தேதி கண் முகாம் இருக்கு. ஒரு கண்ணை முதல்ல முடிச்சிருவோம். ஒரு ராத்திரி தங்கணும். பெறகு கொஞ்ச நாளைக்குக் குனியக்கூடாது, கனம் தூக்கக்கூடாது.”

“குனியாம தூக்காம இருந்தா இவுகளை யாரு பாக்கிறது?”

“அதுக்குத்தான நாங்க இருக்கோம். முதல்ல பழகிக்கிடுங்க. வாராவாரம் புதன்கிழமை மூணு மணி நேரம் எங்க ஆள் ஒருத்தர் வந்து தாத்தாவைப் பாத்துக்குவாரு. நீங்க வெளிய போயிட்டு வாங்க.”

“எங்க போக?”

“எங்கயாவது. அது எனக்குத் தெரிய வேண்டாம்.”

முகாமுக்கு ‘பார்ப்போம்’ என்று சொல்லி அனுப்பினேன். எங்கள் வீட்டில் ‘பார்ப்போம்’ என்றால் முடியாது என்று அர்த்தம். சின்னப் பிள்ளை, அவளுக்குத் தெரியாது. இந்தக் கையால் தூக்கி, இந்தக் கையால் துடைத்து ஐந்து மாதம் ஓடியிருக்கிறது. முதுகில் ஒரு புண் வர விட்டிருப்பேனா? இன்னொருத்தர் கையில் அவரைக் கொடுப்பதற்கில்லை.

ஜூன் 9, ஞாயிறு

ஞாயிறு என்றால் சவரம். அதுவும் நான்தான். சலூன்காரத் தம்பி வீட்டுக்கே வருகிறேன் என்றார், வேண்டாம் என்றுவிட்டேன்.

இவர் தீப்பெட்டி ஆபீசில் கங்காணியாக இருந்த காலத்தில் மீசைக்கு மட்டும் காலையில் பத்து நிமிஷம் ஒதுக்குவார். அந்த மீசையைப் பார்த்துத்தான் குச்சி அடுக்குகிற பெண்கள் வாயை மூடுவார்கள். நான் மூடவில்லை, அதனால் கல்யாணம் ஆயிற்று. அந்த மீசை கெடாமல் நான் கத்தரி போட்டு வருகிறேன்.

மார்ச் மாதம் ஒரு நாள், சவரம் முடிந்ததும், சுவரில் இருந்த கண்ணாடியை இடது கையால் காட்டினார். பிறகு மீசையைக் காட்டினார். பிறகு என் கண்ணைக் காட்டினார். எனக்குப் புரிந்துவிட்டது. இந்த மீசை மயங்கி விழுந்ததே இந்தக் கண்ணில்தான் என்கிறார். எழுபது வயதில் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. மறுபடியும் கண்ணாடியைக் காட்டிக் கையை உதறினார். தன் கோலத்தைப் பார்க்க அவருக்குக் கஷ்டமாக இருக்கிறது போலும் என்று, கழற்றிக் கட்டிலுக்கு அடியில் வைத்துவிட்டேன்.

“சரி,” என்றார்.

அதிலிருந்து யாராவது பார்க்க வந்தால் வாய்மேல் துண்டைப் போட்டுக்கொள்கிறார். கூச்சம்.

எனக்குச் செய்தது: மீசை வெட்டினேன். அது அவருக்குச் செய்தது என்று சிஸ்டர் சொல்வாள். பார்ப்பது யார்? நான்தானே.

ஜூன் 12, புதன்

விடிவதற்குள் எழுந்து வீடு கழுவினேன். கட்டில் விரிப்பை மாற்றினேன். சாம்பார், அவியல், உளுந்த வடை, பாயசம். முதுகு இரண்டாகப் பிளந்தது. வேறு என்ன செய்ய? ஒரு மனுஷர் முதல்முதலாக வீட்டுக்கு வருகிறார்.

பத்து மணிக்கு வந்தார். பெயர் தவசிமுத்து, வயது அறுபத்திரண்டு, பஸ் கண்டக்டராக இருந்து ரிட்டையர் ஆனவர். தன் தாயாரை ஏழு வருஷம் பார்த்தவராம். இவரை அண்ணாச்சி என்றும் என்னை மயினி என்றும் கூப்பிட்டார்.

“நீங்க கிளம்புங்க மயினி.”

“சாப்பிடுங்க முதல்ல.”

“நான் சாப்பிட வரல, அண்ணாச்சியைப் பாக்க வந்தேன்.”

“வீட்டுக்கு வந்தவுகளைப் பட்டினி போட்டுட்டுத் தெருவுல சுத்துறான்னு பேரு வாங்கவா?”

சாப்பிட்டார். நல்ல சாப்பாட்டுக்காரர் இல்லை.

“வடையில மிளகு கொஞ்சம் கூடுதல்,” என்றார்.

நான் மிளகே போடவில்லை. கண்டக்டருக்கு என்ன ருசி தெரியும். இலை ஓரத்தில் இரண்டு மிளகை எடுத்து வைத்தார். அதில் ஒன்று நகர்ந்தது போல இருந்தது. ஃபேன் காற்று.

இலை எடுத்து, பாத்திரம் கழுவி, அவருக்குக் காப்பி போட்டபோது மணி ஒன்று. மூன்று மணி நேரம் முடிந்தது, போய்விட்டார். வாரத்தில் மற்ற ஆறு நாளும் சேர்ந்து என்னை இவ்வளவு வேலை வாங்கியதில்லை. உதவிக்கு ஆள் வருவது இப்படித்தான் என்றால், வராமல் இருப்பது பெரிய உதவி.

எனக்குச் செய்தது: வடை சுட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

ஓசூரிலிருந்து மகள் செண்பகம் வீடியோவில் வந்தாள்.

“அப்பா மீசைக்கு என்னம்மா ஆச்சு?”

“போன்ல அப்படித்தான் தெரியும். டவர் இல்ல.”

“டவர் இல்லாட்டி ஒரு பக்கம் மட்டுமா போகும்?”

இவர் துண்டை எடுத்துப் போட்டுக்கொண்டார். நான் போனை வைத்துவிட்டேன். பெற்ற தகப்பன் எப்படி இருக்கிறார் என்று கேட்பாள் என்று பார்த்தால், மீசையைப் பற்றிக் கேட்கிறாள்.

ஜூன் 19, புதன்

இன்றைக்கு தவசிமுத்து தூக்குவாளியில் தன் சாப்பாட்டைக் கொண்டு வந்துவிட்டார். நான் அப்பளம் பொரிக்க எழுந்தால் அடுப்படிக்குக் குறுக்கே நிற்கிறார்.

“வண்டி கிளம்புது மயினி. இறங்குறவுக இறங்குங்க.”

“இது என் வீடு.”

“ஒரு மணி வரைக்கும் இது என் வண்டி.”

என்னை வெளியே அனுப்பிக் கதவைச் சாத்திவிட்டார். செருப்புகூடப் போடவில்லை. எங்கே போக? எதிர்வீட்டுப் படியில் உட்கார்ந்து என் வீட்டு ஜன்னலையே பார்த்தேன். எதிர்வீட்டு மாரித்தங்கம் வந்து கேட்டாள், “என்னக்கா, வெளிய இருக்கிய?”

“வீட்டுல பூச்சி மருந்து அடிச்சிருக்கு.”

“அப்ப அண்ணாச்சி?”

“அவுக உள்ளதான் இருக்காக.”

மாரித்தங்கம் வாயைத் திறந்தவள் மூடவில்லை. வெகு நேரம் என் பக்கத்திலேயே உட்கார்ந்து என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பன்னிரண்டு மணி வாக்கில் உள்ளே சிரிப்புச் சத்தம். தவசிமுத்து சிரிக்கிறார். இன்னொரு சிரிப்பும் கேட்டது. பொங்கலுக்குப் பிறகு அந்தச் சிரிப்பை நான் கேட்கவில்லை. ஐந்து மாதமாகக் கால் பிடித்து, சோறு ஊட்டி, எல்லாம் செய்கிறவள் நான். சிரிப்பு கண்டக்டருக்கு.

ஒரு மணிக்கு உள்ளே போய், “என்ன சிரிப்பு?” என்று கேட்டேன்.

“சரி,” என்றார் இவர்.

“மீசை விஷயம் மயினி. ஆம்பளைக பேச்சு,” என்றார் அவர். மேஜைமேல் கத்தரிக்கோல் இடம் மாறி இருந்தது. இவர் வாயில் துண்டு.

எனக்குச் செய்தது: எதிர்வீட்டுப் படியில் மூன்று மணி நேரம் உட்கார்ந்தேன். இடுப்பு வலி கொஞ்சம் குறைந்தது. அது வெயில் பட்டதால்.

ஜூன் 22, சனி

துணைக்கை அலுவலகத்தில் கூட்டம். அதுவரை வீட்டில் இவரோடு தவசிமுத்து. வீட்டில் படுத்தவர்களைப் பார்த்துக்கொள்கிறவர்கள் ஆறு பேர் வந்திருந்தோம். எனக்கு ஒன்றும் தேவையில்லை, மற்றவர்களுக்கு நாலு விஷயம் சொல்லிக்கொடுக்கலாம் என்று போனேன்.

படுத்தவரைத் தூக்காமல், அடியில் நாலாக மடித்த போர்வையைப் போட்டு இழுத்தே நகர்த்துவதைக் காட்டினார்கள். நாற்காலியில் ஏற்றும்போது நம் முழங்காலை மடக்க வேண்டும், முதுகை அல்ல. எனக்குத் தெரிந்ததுதான். தெரியாததுபோலக் கேட்டுக்கொண்டேன். வீட்டுக்கு வந்து செய்து பார்த்தால், இவர் வெண்ணெய்க் கட்டிபோல நகர்கிறார். ஐந்து மாதம் இது தெரியாமல், அதாவது தெரிந்தும் செய்யாமல், இருந்திருக்கிறேன்.

மாத்திரைக்குக் காலை, மதியம், மாலை என்று மூன்று நிறத்தில் டப்பா கொடுத்தார்கள். அதை மட்டும் திருப்பிக் கொடுத்தேன். மாத்திரையை அட்டையைப் பார்த்தே சொல்லிவிடுவேன்.

ஜூன் 26, புதன்

செருப்புப் போட்டுக்கொண்டு போனேன். கடைத்தெருவில் ஒரு ரோஸ் மில்க் குடித்தேன். திரும்பி வந்தால் தவசிமுத்து என் சுவரில், கரியால், ஒரு முழ உயரத்துக்குத் தன் போன் நம்பரை எழுதி வைத்திருக்கிறார்.

“பொங்கலுக்கு அடிச்ச வெள்ளை,” என்றேன்.

“அவசரத்துக்கு உங்களுக்குத் தெரியணும்ல மயினி.”

“சின்னதா எழுதினாத் தெரியாதா?”

அவர் கரிக்கையைத் துடைத்துக்கொண்டே கிளம்பிவிட்டார். 

ஜூன் 28, வெள்ளி

இன்று எழுத ஒன்றுமில்லை.

ஜூன் 29, சனி

நேற்று எழுத இருந்தது. எழுதவில்லை.

காலையில் வழக்கம்போல மாத்திரை கொடுத்தேன். பத்து மணி வாக்கில் இவருக்கு வேர்த்துக் கொட்டியது. கை சில்லென்று ஆகிவிட்டது. கூப்பிட்டால் கண் திறக்கிறார், மூடுகிறார். போனை எடுத்தேன். சுவரில் நம்பர் பெரிதாக இருந்தது. ஒவ்வொரு எண்ணாகப் பார்த்து அழுத்தினேன்.

“விழுங்குவாகளா மயினி?” என்று தவசிமுத்து கேட்டார். விழுங்குவார் என்றேன். “நிமித்தி உக்கார வைங்க. சீனித்தண்ணி, ஸ்பூன் ஸ்பூனா. போனை வைக்காதிய. நான் ஆட்டோவுல ஏறிட்டேன்.”

ஊட்டினேன். அவர் வந்தபோது இவர் கண் திறந்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆஸ்பத்திரியில் டாக்டர் ரத்தம் சோதித்து, நல்ல நேரத்தில் சீனி கொடுத்தீர்கள் என்றார். ரோஸ்லின் சிஸ்டர் மாத்திரை அட்டைகளை எடுத்து எண்ணினாள். சர்க்கரை மாத்திரையில் ஒன்று கூடுதலாகக் குறைந்திருந்தது. பிரஷர் மாத்திரையில் ஒன்றும் குறையவில்லை. இரண்டும் வெள்ளை அட்டை.

யாரும் என்னை ஒன்றும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். இரண்டையும் ஒரே மாதிரி செய்கிற கம்பெனிக்காரனைத்தான் கேட்க வேண்டும் என்று நானே சொன்னேன். 

வீட்டுக்கு வந்ததும் இவர் இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். “சரி,” என்றார். நான் வெங்காயம் உரிக்க அடுப்படிக்குப் போனேன். சமையலுக்கு வேண்டியதைவிட நிறைய உரித்துவிட்டேன்.

மாத்திரை டப்பா மூன்றையும் வாங்கிவரச் சொல்லிவிட்டேன். முகாமுக்குப் பெயரும் கொடுத்துவிட்டேன்.

ஜூலை 5, வெள்ளி

செண்பகம் இரண்டு நாள் லீவில் வந்திருக்கிறாள், நாளைக்கு என்னோடு முகாமுக்கு வர. வீட்டில் தவசிமுத்து. அவள் போன பிறகும் காலையும் மாலையும் துணைக்கை ஆட்கள் முறை வைத்து வருவார்களாம்.

தவசிமுத்துவை உட்கார வைத்துச் சொன்னேன். இவருக்கு ரசத்தில் தக்காளி மிதக்கக்கூடாது. தலையணை வலது பக்கம் ஒன்று, முட்டுக்கு அடியில் ஒன்று. கால் மடக்கும்போது எண்ண வேண்டும், எண்ணாவிட்டால் கோபம் வரும். பேப்பர் வாசித்தால் மரணச் செய்தியை விட்டுவிட வேண்டும்.

“முக்கால்வாசிப் பேப்பரும் அதுதான மயினி.”

“மிச்சத்தை வாசிங்க. பெறகு, ஞாயித்துக்கிழமை சவரம். அதை யாரும் தொடக்கூடாது. நான் வந்து பாத்துக்கிடுவேன்.”

அவர் இவரைப் பார்த்தார். இவர் துண்டை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார்.

ஜூலை 6, சனி

எழுதுவது தவசிமுத்து. மயினி முகாமிலிருந்து போனில் சொல்லச் சொல்ல எழுதுகிறேன். இது ஏழாவது போன்.

ஆபரேஷன் முடிந்தது. வலியே இல்லை. டாக்டர் பையன் என் பேத்தி வயதுதான் இருப்பான், கை சுத்தம். அவருக்குச் சரியாக ஊட்டியிருக்க மாட்டார்கள் என்று எழுதுங்கள்.

(ஊட்டினேன். இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். - த.)

எண்ணாமல் கால் மடக்கியிருப்பார்கள் என்று எழுதுங்கள்.

(டிக்கெட் எண்ணுவதுபோல எண்ணினேன். - த.)

என்னைத் தேடியிருப்பார் என்று எழுதுங்கள்.

(தேடினார். வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறார். - த.)

மற்றதை நீங்கள் எழுத வேண்டாம். நான் வந்து எழுதுவேன்.

ஜூலை 7, ஞாயிறு

காலையில் கண் கட்டை எடுத்தார்கள். கறுப்புக் கண்ணாடி கொடுத்தார்கள். அதையும் மீறி, எல்லாம் துலக்கினதுபோல இருக்கிறது.

வீட்டுக்கு வந்தேன். காலண்டரில் எண்ணெய் டின். உத்தரத்தில் ஒட்டடை, ஒரு சேலை நெய்யலாம். உளுந்து டப்பாவைத் திறந்தேன், மூடிவிட்டேன். தவசிமுத்துவிடம் அந்த மிளகைப் பற்றி இனிமேல் பேசப்போவதில்லை. இந்த நோட்டில் எல்லா வரியிலும் கோடு இருக்கிறது. என் எழுத்துதான் கோட்டுக்குக் கோடு தாவியிருக்கிறது.

பிறகு கட்டில் பக்கம் போனேன். இவர் துண்டைப் போட்டிருந்தார். எடுத்தேன்.

மீசை ஒரு பக்கம் கொத்தாகத் தொங்குகிறது. மறு பக்கம் பாதிக்குமேல் இல்லை. கன்னத்தில் அறுவடை முடிந்த வயல்போல இங்கொரு திட்டு, அங்கொரு திட்டு. தாடையில் ஆறிய கீறல்கள். எண்ணினேன், ஏழு.

“இத்தனை மாசமா யாரும் சொல்லலையே,” என்றேன்.

தவசிமுத்து சொன்னார், “நீங்க வெளிய போன முதல் நாளே நான் கத்தரியை எடுத்தேன் மயினி. அண்ணாச்சி விடல. நீங்க செய்றதுல ஒருத்தர் கைவச்சா உங்களுக்குச் சங்கடமாயிரும்னு துண்டைப் போட்டு மூடிக்கிட்டாக. உங்க கத்தரி வர்ற அழகை நான் நடிச்சுக் காட்டினேன். அதுக்குத்தான் அப்படிச் சிரிச்சாக.”

இவர் இடது கையால் சுவரில் கண்ணாடி இருந்த வெற்றிடத்தைக் காட்டினார். மீசையைக் காட்டினார். என் கண்ணைக் காட்டினார். மார்ச் மாதம் காட்டிய அதே வரிசை.

நான் அன்றைக்கு வெட்கப்பட்டதை நினைத்தால் இன்றைக்கு இன்னும் வெட்கமாக இருக்கிறது.

ஜூலை 10, புதன்

இன்னும் குனியக்கூடாது. செண்பகம் ஊருக்குப் போய்விட்டாள். பத்து மணிக்குத் தவசிமுத்து வந்தார். நானே சவரப் பெட்டியை எடுத்து அவர் கையில் கொடுத்தேன்.

இவர் துண்டை இழுத்து வாயில் போட்டார். நான் எடுத்து மடித்து என் மடியில் வைத்துக்கொண்டேன்.

“அவரே செய்யட்டும். என்னைக் குனியக்கூடாதுன்னு சொல்லியிருக்காக,” என்றேன். “குனியலாம்னு சொன்ன பெறகும் புதன்கிழமை அவரே செய்யட்டும்.”

இவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன். இவருக்கு வலது புருவத்தில் நாலு முடி நரைக்காமல் இருக்கிறது. எப்போதிருந்தோ.

மீசையை இனி ஒழுங்குபடுத்த வழியில்லை. எடுத்துவிட்டு முதலிலிருந்து வளர்க்க வேண்டும் என்றார் தவசிமுத்து. பஸ்ஸுக்குச் சொல்வதுபோல “ரைட்,” என்று சொல்லி ஆரம்பித்தார், “ஹோல்டேன்,” என்று சொல்லி நிறுத்தினார். ஐம்பத்திரண்டு வருஷத்தில் அந்த மேலுதட்டை நான் பார்த்ததில்லை. சின்ன உதடு. இந்த உதட்டை வைத்துக்கொண்டா இவ்வளவு பேரை அதட்டினார்?

கட்டிலுக்கு அடியிலிருந்து கண்ணாடியை எடுக்கச் சொல்லி இவர் முகத்துக்கு நேராகப் பிடித்தோம். வெகு நேரம் பார்த்தார். இடப்பக்கம் திருப்பிப் பார்த்தார், வலப்பக்கம் திருப்பிப் பார்த்தார். வாயைக் குவித்தார், விரித்தார். ஏதோ முட்டிக்கொண்டு வந்தது.

“சரியில்ல,” என்றார்.

தவசிமுத்து கண்ணாடியைக் கீழே போடப் பார்த்தார். ஆறு மாதத்தில் முதல் புது வார்த்தை. அதுவும் குறை சொல்கிற வார்த்தை. என் வீட்டுக்காரர் திரும்பி வந்துவிட்டார்.

“எது சரியில்ல?” என்று கேட்டேன், இன்னொரு தடவை கேட்பதற்காக.

“சரியில்ல,” என்றார், தவசிமுத்துவைக் காட்டி.

தவசிமுத்து ரோஸ்லின் சிஸ்டருக்குப் போன் போட்டுச் சொன்னார். தன் வேலையைக் குறை சொன்னதை ஊரெல்லாம் சொல்லிச் சந்தோஷப்படுகிறவரை இன்றைக்குத்தான் பார்க்கிறேன்.

அவருக்குச் செய்தது: ஒன்றும் செய்யவில்லை.

எனக்குச் செய்தது: பத்து மணியிலிருந்து ஒரு மணி வரை நாற்காலியில் உட்கார்ந்து இவரைப் பார்த்தேன்.